கால் தானாக இறங்கிய தெரு

சின்னப்பன் இறந்த செய்தி வந்தபோது நான் தறியில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. எட்டிப் பார்த்தால் அவருடைய தம்பி மகன் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, சைக்கிளை விட்டு இறங்காமலே நிற்கிறான். "தறிக்காரரே, பெரியப்பா போயிட்டாரு. நேத்து ஜுரம் ஏறுச்சி, விடியறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. வெயில் சாயறதுக்குள்ள எடுத்துடுவோம், சாமியாரு வந்துட்டாரு" என்றான். இன்னும் இரண்டு ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று பெடலை மிதித்துப் போய்விட்டான். கையில் பிடித்திருந்த, ஊடுநூல் ஓட்டும் நாடாவை எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை.

வாசகசாலை நண்பர்கள் இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். பேச நின்றால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு அவர் மாதா கோயில் பங்குச் சாமியாருக்குத் தபால் கொண்டுவந்த சைக்கிள்காரர். மீதிப் பேருக்கு, ஜூலைத் திருநாள் ரேசில் ஜெயிக்க வேண்டியிருந்து எதனாலோ தோற்றுப்போனவர். அந்த ரேசில் ஜெயித்தவன் நான். ஆகவே எதனால் என்பதைச் சொல்ல வேண்டியவனும் நானே.

நாங்கள் பழகியதே ஒரு சண்டையில்தான். நெய்த புடவைகளைக் காரியரில் கட்டிக்கொண்டு நான் காலையில் புதுச்சேரிக்குப் போவேன். ஆற்றங்கரை வருவதற்கு முன் பின்னாலிருந்து ஒரே ஒரு தரம் மணி அடிக்கும். நான் ஒதுங்குவதற்குள் நெடுநெடுவென்று ஒரு ஆள் கித்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போயிருப்பார். என்னை ஒருவன் தாண்டிப் போனால் எனக்குச் சோறு இறங்காது, அது பிறவிக் குணம். நாள் தவறாமல் துரத்தினேன். கடைசியில் ஒரு நாள் அவரே சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாங்க தெனமும் தொரத்தறீங்க? ஒங்களுக்கு எதுனா தபால் வந்துகீதா?"

எனக்கு மூச்சு வாங்கியது. அவர் தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டத் தயங்கினார். நான் பிடுங்கிக் குடித்தேன். என்ன வேலை என்று கேட்டார். தறி என்றேன். "அதான் கால் வலுவா மிதிக்குது" என்றார். அன்றிலிருந்து அவருக்கும் அவர் சேரி முழுவதற்கும் நான் தறிக்காரர் ஆனேன். என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

அவரைப் பெரிய மகானாக்கிப் பேசுவது அவருக்கே பிடிக்காது. காற்றடிக்கிற பம்பைப் பெற்ற பிள்ளைக்கும் இரவல் தரமாட்டார். சாமியார் கொடுத்த சைக்கிளை யாராவது தொட்டால் உடனே துணி எடுத்துத் துடைப்பார், தொட்டவர் முகத்துக்கு நேராகவே. கோபம் வந்தால் ரெண்டு நாள் பேசமாட்டார். நான் அதற்கு மேல் ஒரு நாள் பேசமாட்டேன் என்பதால் நட்பு நிலைத்தது.

அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. அந்த வருஷம் ஜூலைத் திருநாளுக்கு எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் சைக்கிள் ரேஸ் என்று அறிவித்தார்கள். உறியடி, சாக்கு ஓட்டம் பார்த்துப் பழகிய சனங்களுக்கு ஒரே உற்சாகம். ஆனால் எல்லோரையும் ஒன்றாக விடப்போவதில்லை, ஒவ்வொருவராக அனுப்பிக் கடிகாரத்தில் நேரம் பார்ப்பார்கள், குறைந்த நேரத்தில் வந்தவருக்கு வெள்ளிக் கோப்பை என்றதும் முகம் தொங்கிவிட்டது. "ஒத்தையா போறவன் யாரோட ரேஸ் வுடறான்? பேயோடவா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். எனக்கும் அதே எண்ணம். முன்னால் ஒரு முதுகு தெரிந்தால்தான் எனக்கு வேகம் வரும். சின்னப்பன் மட்டும் சந்தோஷப்பட்டார்.

"கூட யாரும் இல்லன்னாதான் தறிக்காரரே, நம்மள எது புடிச்சி இழுக்குதுன்னு தெரியும்" என்றார்.

வழி வகுத்ததில்தான் வினை. வில்லியனூரில் கிளம்பி ஒதியம்பட்டு வழியாக உறுவையாறு ஊரைத் தாண்டி, ஓர் ஏரிக்கரை அரசமரத்தைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். இடையில் ஓர் ஊர் வரும். அந்த ஊரைச் சுற்றிக்கொண்டு போக நல்ல கப்பி ரோடு உண்டு. ஆனால் அந்த ரோடு ஒரு கூப்பிடு தூரம் இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் போய்த் திரும்புகிறது. அங்கே சாவடியில் சைக்கிளை நிறுத்தி, பையைத் தடவி, ஊர் பேர் கேட்டுத்தான் விடுவார்கள். பிரெஞ்சுக்காரன் திருநாளுக்கு ஓடுகிறவன் இங்கிலீஷ்காரன் சாவடியில் கைகட்டி நின்றால் நன்றாகவா இருக்கும்? கொம்யூன் குமாஸ்தா யோசித்துவிட்டு ஊருக்கு நடுவிலேயே கோட்டை இழுத்துவிட்டார். கோடு போன இடம் பண்ணைக்காரர்கள் குடியிருந்த பெரிய தெரு.

ஊரின் பெயரை நான் எழுதவில்லை. அறிந்தவர்களுக்குத் தெரியும். அறியாதவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரு ஊரை வைத்துக்கொள்ளலாம், பெரிய பிசகு வராது. அந்தத் தெருவில் சேரிக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார்கள். நாட்டில் சைக்கிள் வந்த பிறகு, சைக்கிளையும் விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று ஆயிற்று. யாரும் தண்டோரா போடவில்லை. மீறியவர்களும் இல்லை. கொம்யூன் அலுவலகமான கச்சேரியின் சுவரில் சுதந்திரம், சமத்துவம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அதைப் படிக்கிற தூரத்தில் அந்தத் தெரு இல்லை. சின்னப்பன் அந்த ஊர்ச் சேரிக்காரர். தபால் பையோடு சாவடி ரோட்டில் போனால் தினமும் நிறுத்திவைப்பார்கள், அதை விட்டால் வீட்டுக்கு வர அவருக்கு வேறு வழி கிடையாது. சாமியாரின் தபாலை மின்னல் மாதிரி கொண்டுவருகிறவர், தினமும் அந்தத் தெருமுனையில் இறங்கி, நடந்து, மறுமுனையில் ஏறுவார்.

ரேசுக்குப் பழகும்போதும் அப்படியே. விடியலில் இருவரும் சேர்ந்து கிளம்புவோம். அதுவரை என்னைத் தண்ணிகாட்டிக்கொண்டு வருகிறவர் தெருமுனையில் சட்டென்று இறங்கிவிடுவார். நான் ஓட்டிக்கொண்டு போய் மறுமுனையில் காத்திருப்பேன். அவர் வந்து சேர்ந்ததும், "இந்த நேரத்த கழிச்சிக்குங்க" என்று சிரித்துவிட்டு ஏறுவார். நானும் கழித்துக்கொள்வேன். கழித்துப் பார்த்தால் தினமும் அவர்தான் முதல். ரேஸ் அன்று குமாஸ்தாவின் கடிகாரம் எதையும் கழிக்காது என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை.

ரேசுக்கு முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. அவர் வீட்டில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டே விட்டேன்.

"நாளைக்கு இன்னாப்பா பண்ணப்போற?"

"நாளைக்கு எறங்க மாட்டன்."

"சாமியாருக்குத் தெரியுமா?"

"சாமியாரு சைக்கிள்தான் குடுத்தாரு. தெருவ அவரு குடுக்க முடியாது."

அவர் மனைவி பிலோமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கப்பும் வாணாம் கிப்பும் வாணாம். இவுரு முழுசா வூடு வந்து சேந்தா போதும். நாளைக்கு எதுனா ஆச்சின்னா, இந்தச் சேரியில ஒருத்தருக்கும் நடவு வேல தரமாட்டாங்க தறிக்காரரே. நீங்களாவது சொல்லுங்க" என்றாள். நான் சொல்லவில்லை. அடி விழலாம், வேலை போகலாம், சேரியே பட்டினி கிடக்கலாம். அத்தனையும் அந்த மனிதர் தெருமுனையில் காலை ஊன்றுவாரா மாட்டாரா என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது.

சீட்டுக் குலுக்கியதில் முதல் சீட்டே அவருக்கு, அடுத்தது எனக்கு. போனவர் பனந்தோப்பு வளைவில் மறைந்ததும் அடுத்தவரை விடுவார்கள். சின்னப்பன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தார். குமாஸ்தா கையைத் தாழ்த்தினார். வளைவு வரை அந்த முதுகு ஒரு தரம்கூட அசையவில்லை. அடுத்து நான்.

ஒதியம்பட்டு தாண்டியதும் முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் கரும்பு. என் மூச்சும் செயின் சத்தமும்தான் கேட்கிறது. அப்போதுதான் கீழே கவனித்தேன். மழையில் நனைந்த செம்மண்ணில் அவருடைய டயர் தடம் புத்தம் புதிதாக ஓடுகிறது. முதுகு தெரியாவிட்டால் என்ன, தடம் தெரிகிறதே என்று அதன்மேலேயே என் சக்கரத்தை விட்டேன். நேரான தடம். எங்கும் வளையவில்லை, எங்கும் தளரவில்லை. எனக்குத் தொடை எரிய ஆரம்பித்தது. அவர் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. அப்படியே தெருமுனை வந்தது.

தடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பந்தயத்தில் இருக்கிறவனுக்கு அப்படித்தான் வரும். 'இறங்கிவிட்டார், பிடித்துவிடலாம்.' தெருவுக்குள் பாதி தூரம் போன பிறகுதான் மனம் கூசியது. அந்தப் பாதங்கள் ஓடிய பாதங்கள் அல்ல. குதிகாலும் விரலும் நிதானமாகப் பதிந்திருந்தன. தினமும் நடக்கிற நடை. தெருவின் கடைசி வரை அப்படியே போய், மறுமுனையில் ஏறியிருக்கிறார். வாசல்களில் நின்ற பண்ணைக்காரர்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு இறங்க மாட்டேன் என்று அவ்வளவு உறுதியாகச் சொன்ன மனிதர் ஏன் இறங்கினார்? யாராவது மறித்தார்களா? மறித்த அடையாளம் ஒன்றுமே மண்ணில் இல்லை.

நான் உறுவையாறு தாண்டியதும் ஏரிக்கரையில் அவர் எதிரே வந்தார். அரசமரத்தைச் சுற்றித் திரும்பி வருகிறார். இருவரும் தாண்டிக்கொள்ள ஒரு நொடிதான். அவர் முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. கன்னமெல்லாம் ஈரம், வேர்வையா என்னவென்று தெரியவில்லை.

"நான் எறங்கல தறிக்காரரே! கால் எறங்கிடுச்சி! கால் தானா எறங்கிடுச்சி!"

கத்திக்கொண்டே போய்விட்டார். அவர் சொன்னது வேறு யாருக்காவது புரிந்திருக்குமோ என்னவோ, தறிக்காரனுக்குப் புரியும். தறி மிதியைக் கால் மிதிக்கும்போது மனது எங்கோ இருக்கும். கால் தன் பாட்டுக்கு வேலை செய்யும். விடியலில் நாங்கள் பழகினோமே, எல்லா வளைவையும் மேட்டையும் காலுக்குச் சொல்லிக்கொடுத்தோமே, அந்தத் தெருமுனையில் இறங்குவதையும் சேர்த்தே பழகியிருக்கிறோம். அந்த ஒரு இடத்தை ஓட்டிப் பழக அவருக்கு வழி இருக்கவில்லை. மறுமுனையில் ஏறுவதற்குக் காலைத் தூக்கியபோதுதான் தனக்கே தெரிந்ததாம்.

அரசமரத்தைச் சுற்றிவிட்டு உயிரைக் கொடுத்து மிதித்தேன். கோப்பைக்காக மட்டும் அல்ல. அந்தத் தெருவில் என்ன நடக்கப்போகிறது என்ற பயம் பின்னாலிருந்து தள்ளியது. இப்போது அவர் கோபத்தில் இருக்கிறார். அந்த வேகத்தில் தெருவுக்குள் பாய்ந்தால்?

தெருமுனையில் திரும்பினேன். சிரிப்புச் சத்தம் இல்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் இறங்கி வந்து நிற்கிறார்கள். தெருவில் பாதியை அடைத்துக் கரும்பு வண்டி ஒன்று நிற்கிறது. அது நான் போகும்போது அங்கே இல்லை. வண்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகிற இடைவெளி. இடைவெளியில் பண்ணையாள் ஒருவன் நீளமான மூங்கில் கழியோடு நிற்கிறான். மூலையில் கொம்யூன் போலீஸ்காரர் ஒருவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

தெருவின் நடுவே சின்னப்பன். சைக்கிளின் மேல்.

ஆனால் அவர் ரேஸ் ஓட்டவில்லை. ஒரு சைக்கிள் கீழே சாயாமல் எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். முதுகை நிமிர்த்தி, ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு. நடக்கிற ஆள் அவரை முந்திவிடலாம். ஹாண்டில்பார் இப்படியும் அப்படியும் ஆடுகிறது, கால் மட்டும் தரையைத் தொடவில்லை. என் சைக்கிள் அவர் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நிற்கப் பார்த்தது. அவர் தலையைத் திருப்பாமலே சொன்னார்:

"நிக்காதீங்க. நீங்க போங்க, கடியாரம் ஓடுது."

போனேன். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. அவருக்குப் பின்னால் நான் நின்றிருந்தால், தறிக்கார முதலியார் பிள்ளை துணையில் போனான் என்று ஆகியிருக்கும். கழி வைத்திருந்தவன் என்னைப் பார்த்ததும் கழியைத் தாழ்த்தி வழிவிட்டான். நான் போனதும் அது மறுபடி உயர்ந்திருக்கும். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

வில்லியனூரில் முடிவுக் கோட்டை முதலில் தாண்டியவன் என்று என்னைத் தூக்கிக்கொண்டார்கள். தோளில் இருந்தபடியே பனந்தோப்பு வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் கிளம்பியவர் வந்தார். அவருக்குப் பின்னால் கிளம்பியவரும் வந்தார். சின்னப்பனைக் காணோம். யாரோ வாயில் சர்க்கரை போட்டார்கள். என்னை இறக்கிவிடச் சொல்லிச் சண்டை போட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகலாம் என்று காலைத் தூக்கியபோது வளைவில் அவர் ஹாண்டில்பார் மேல் குனிந்து வருவது தெரிந்தது. அப்போதுதான் ரேஸ் ஓட்டினார். காற்று மாதிரி வந்தார். நான் அழுதுவிட்டேன்.

"ஏம்பா அவ்வளோ மெதுவா போன? எனக்கு உயிரே போச்சி" என்று திட்டினேன்.

"வேகமா போனா சக்கரத்துல கழி வுழுந்திருக்கும். ரேஸ்ல எதேச்சையா பட்டுச்சின்னு சொல்லிடுவானுங்க. மெதுவா போனா, வுட்டவன் மூஞ்சி ஊருக்கே தெரியும்" என்றார். சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "அதும் இல்லாம, வேகமா போனா தப்பிச்சி ஓடறான்னு நெனச்சிக்குவானுங்க" என்றார். கழிக்காரன் என்ன செய்தான் என்று கேட்டேன். "நான் கிட்ட போயி அவன் கண்ணையே பாத்தன். அவனும் நம்ம மாதிரி கூலிதானே. கை தானா எறங்கிடுச்சி."

உங்களில் பலருக்கு இதுவரைகூட அரசல்புரசலாகத் தெரிந்திருக்கலாம். மறுநாள் நடந்தது தெரியாது. அன்று மாலை நான் அவரோடு வீடு வரை வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். மறுநாள் காலையிலாவது வருகிறேன் என்றேன். "வாணாம். ரேசன்னிக்கு சனம் இருந்துச்சி, போலீசு இருந்துச்சி. நாளைக்கு ஒண்ணும் இருக்காது. நாளைக்குதான் தறிக்காரரே எனக்கு ரேஸு" என்றார்.

மறுநாள் விடியலில் தபால் எடுக்கக் கிளம்பி, பெரிய தெருவுக்குள் சைக்கிளை விட்டு இறங்காமலே நுழைந்திருக்கிறார். பிலோமி பின்னால் தெருமுனையில் நின்று செபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். தெருவின் நடுவில் பெரிய பண்ணைக்காரர் பல் துலக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். சின்னப்பன் ஒரு கையை எடுத்துக் கும்பிடு போட்டாராம். "ஒரு கைய எடுத்தனா, சைக்கிள் ஆடிச்சி பாருங்க. அப்பவும் கால ஊனல" என்று சொல்லும்போதெல்லாம் பெருமை தாங்காது. பண்ணைக்காரர் எச்சிலைத் துப்பிவிட்டு, "பாத்துப் போடா" என்றாராம். அது அக்கறையா மிரட்டலா என்று நான் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார்.

அந்தப் போகம் சேரிக்கு நடவு வேலை தரவில்லை. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து நட்டார்கள். சேரியிலேயே சிலர் சின்னப்பனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் அந்தச் சில மாதங்களில் ஆள் பாதியாகிவிட்டார். தினமும் போகும்போதும் வரும்போதும் தெருவில் அதே மெதுவான சவாரி. அறுப்புக்கு வெளியூர் ஆள் கிடைக்காமல் மறுபடி அழைத்தார்கள். அதற்குள் சேரியில் இன்னும் ஒருவர் சைக்கிள் வாங்கியிருந்தார். அவரும் இறங்கவில்லை. இன்று அங்கே யாரும் இறங்குவதில்லை. செய்தி சொல்ல வந்த பையன் என் வாசலில்கூட இறங்கவில்லை என்பதை முதலில் சொன்னேனே, அதைச் சின்னப்பன் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

கோப்பையை அவரிடம் கொடுக்கப் பார்த்தேன். வாங்க மறுத்தார். ஆனால் சந்திக்கும்போதெல்லாம், "நம்ம கப்பு எப்டிகீது? புளி போட்டு வெளக்கறீங்களா?" என்று விசாரிக்காமல் விடமாட்டார். நான் அவர் வீட்டுக்குப் போகும்போது தெருமுனையில் வந்து நிற்பார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அந்தத் தெரு முழுவதும் சாயாத குறையாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போவோம். "ரெண்டு பேரும் மாப்பிள்ள ஊர்வலம் போறீங்களா, சோறு ஆறுது" என்று பிலோமி சத்தம் போடுவாள்.

அன்று செய்தி வந்ததே பிற்பகலில்தான், நான் சைக்கிளை எடுத்தபோது வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. கடைக்கு நூல் வாங்கப் போகிற வேகத்துக்கு மேல் நான் ஓட்டி வருஷக்கணக்காகிறது. அன்று ரேஸ் நாள் மாதிரி மிதித்தேன். சவப்பெட்டியை மூடுவதற்குள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும், வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஒதியம்பட்டு போயிற்று, கரும்புக் கொல்லைகள் போயின. காய்ந்த மண்ணில் தடம் எதுவும் இல்லை. இன்று மட்டும் மெதுவாகப் போக நேரமில்லை, மன்னித்துக்கொள் சின்னப்பா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தெருமுனையில் திரும்பினேன்.

கால் மெதுவாகிவிட்டது.

மிதி மிதி என்கிறேன், கேட்கவில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. பக்கத்தில் ஒரு சைக்கிளுக்கு இடம்விட்டு, ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு, சாயாத குறையாக அந்தத் தெரு முழுவதும் போனேன். மறுமுனைக்கு வந்தபோது கோயில் சாவு மணிச் சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்துவிட்டது, தவறவிட்டுவிட்டேன் என்று ஓடினேன்.

பெட்டி திறந்தே இருந்தது. சாமியார் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மூடச் சொல்லி இரண்டு தரம் சொன்னாராம், பிலோமி விடவில்லையாம். "தறிக்காரரு வந்துனு இருப்பாரு சாமி. பெரிய தெருவுல மெதுவாத்தான் வருவாரு, செத்த இருங்க" என்றாளாம்.

கோப்பை என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. விசாரிக்க ஆள் இல்லாமல் கறுத்துப்போயிருக்கிறது, பிலோமி கேட்டால் கொடுத்துவிடுவேன். அவர் எனக்கென்று விட்டுப்போனது அந்தத் தெருவில் வேகமாகப் போகத் தெரியாத இந்தக் கால். அது என்னோடு இருக்கட்டும்.